வெடிக்காத வெடிதான் வெடி!

2025 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அரியலூரிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். காலேஜில் இரண்டாம் வருஷம். பணம் வேண்டுமென்றால் மட்டும் 'மாமா'வை ரப்பர் மாதிரி இழுத்துக் கூப்பிடுவான். அன்றைக்கு ரப்பர் அறுந்துவிடும் போலிருந்தது.

"மாமாஆஆ... உங்க வீட்டு மாடியில பழைய பெயிண்ட் டின் ஒண்ணு கிடக்குமே, இருக்கா?"

"எதுக்குடா?"

"தீபாவளிக்கு. ஃபிரண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு ஐட்டம் பண்றோம். ரீல்ஸ்ல பார்த்தது. செமயா இருக்கும் மாமா. அரியலூரே அதிரும் பாருங்க!"

அரியலூர் அதிரவில்லை. பெரம்பலூரில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் அதிர்ந்தது. காரணம், இதே வசனத்தை, ஊர் பேரை மட்டும் மாற்றி, 2006 தீபாவளிக்கு நானே பேசியிருக்கிறேன்.

*

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாங்கின பொருளை வாங்கினபடி வைத்துக்கொள்ள மாட்டோம். பைக் வாங்கினால் முதல் வேலை சைலன்ஸரை மாற்றுவது. ஆபீஸில் புது நாற்காலி கொடுத்தால் அதற்கு மேலே வீட்டிலிருந்து ஒரு தலையணை. கேன்டீன் சாம்பாரில் கூட கொஞ்சம் ரசம் கலந்து, 'இப்பப் பாரு டேஸ்ட்டை' என்று பக்கத்து சீட்காரரை வதைக்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். பட்டாசை மட்டும் சும்மா விடுவோமா?

லட்சுமி வெடியின் மேல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, அது எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்காத பையன் நம் தலைமுறையில் உண்டா? அது எதிர்வீட்டு ஓட்டில் விழுந்து, ஓட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தால்தான் தீபாவளி பூர்த்தியாகும். அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் புத்திசாலிகள். எங்கள் தெருவில் நாங்கள் நிறுத்தவில்லை. கொட்டாங்குச்சியிலிருந்து தகர டப்பாவுக்கு 'புரமோஷன்' ஆனோம்.

எங்கள் டீமில் நாலு பேர். தலைவன், நாங்கள் 'சயின்டிஸ்ட்' என்று பேர் வைத்திருந்த சிநேகிதன். ப்ளஸ் டூவில் அவன் ஃபர்ஸ்ட் குரூப். ரேடியோவைப் பிரிப்பான், மறுபடி மாட்டும்போது ரெண்டு ஸ்க்ரூ மிச்சமிருக்கும், ஆனாலும் ரேடியோ பாடும். நான் காமர்ஸ் குரூப், அதனால் எனக்கு 'ஃபைனான்ஸ்' என்று பேர். தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, கணக்கு எழுதி, பட்டாசு வாங்கி வருவது என் இலாகா.

சயின்டிஸ்டுக்கு ஒரே ஒரு ஆசை. போலீஸில் எஸ்.ஐ. ஆகவேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கிரவுண்டில் ஓடிக்கொண்டிருப்பான். உயரம் போதும், மார்பளவு போதும், கண் பார்வை ஏ ஒன். 'இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எல்லாம் ஹெல்மெட் போடலைன்னு பிடிக்கிறேன் பாரு' என்பான்.

அந்தத் தீபாவளிக்கு நாங்கள் என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு நாலு பேர் மாடிக்கு ஏறி டப்பா தேடினால், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். சுருக்கமாக: பல வெடி ஒரு வெடியானது. மேலே இரும்பு டப்பா. பற்ற வைத்தோம். ஓடினோம். காதைப் பொத்தினோம்.

ஒன்றும் ஆகவில்லை.

பத்து எண்ணினோம். இருபது எண்ணினோம். எதிர்வீட்டு மாடியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பதினேழு வயசில் ஒருத்தனை எதனாலும் கொல்ல முடியாது, அந்தச் சிரிப்பைத் தவிர. மானம் போகிறது. அப்போது ஒருத்தன் சொன்னான்:

"நமுத்துப் போச்சு போல. போய்ப் பார்றா சயின்டிஸ்ட்."

ஆறே வார்த்தை. சொன்ன மகானுபாவன் அடியேன்.

அவன் போனான். குனிந்தான். டப்பாவைத் தூக்கினான்.

அந்தச் சத்தம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட ரொம்பச் சின்னது. அதற்கப்புறம் அவன் போட்ட சத்தம்தான் பெரிசு.

பதற்றத்தில் எல்லாமே தப்பாகச் செய்தோம். ஒருத்தன் குடம் குடமாகத் தண்ணீரை முகத்தில் அடித்தான். இன்னொருத்தன் கண்ணைத் துணியால் அழுத்தித் துடைத்தான். கண்ணில் ஏதாவது குத்திக் கிழித்திருந்தால் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, உள்ளே இருப்பதைப் பிடுங்கக் கூடாது. கண்ணில் படாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்த மாதிரி மூடி, நேராக கண் டாக்டரிடம் ஓடவேண்டும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. (வெறும் தீக்காயம் என்றால் முதலில் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் கூடாது.) 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008இல்தான். தீபாவளி அன்றைக்கு ஒரு வாடகைக் கார் பிடித்து, அறுபது கிலோமீட்டர் திருச்சிக்குப் போனோம். வழியெல்லாம் ஊர் ஊராக மத்தாப்பு. காருக்குள் யாரும் பேசவில்லை.

இடது கண் பிழைத்தது. வலது கண் வெளிச்சம் மட்டும் தெரியும் என்கிற அளவில் நின்றுவிட்டது. எஸ்.ஐ. கனவும் அங்கேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கூட வந்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிற வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே வெடி வைப்பதென்றால் சும்மா இல்லை. அதற்கென்று பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கின ஆள் வேண்டும். சங்கு ஊத வேண்டும். சிவப்புக் கொடி கட்டி ஆட்களை விரட்ட வேண்டும். ஒரு குழி வெடிக்கவில்லை என்று சந்தேகம் வந்தால், விதிப்படி காத்திருக்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது.

பெரியவர் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்: "வெடிச்ச வெடிக்கு எதுக்கு தம்பி பயப்படணும்? அதான் முடிஞ்சு போச்சே. வெடிக்காத வெடிதான் வெடி."

*

சரி, அக்கா மகன் விஷயத்துக்கு வருவோம்.

பத்தொன்பது வயசுப் பையனிடம் 'வேண்டாம்டா' என்று சொன்னால் எடுபடுமா? 'நீங்க அந்தக் காலம் மாமா' என்பான். அதனால் டின் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, இருந்த நாலு நாளில் கொஞ்சம் ஹோம் ஒர்க் செய்தேன். பி.காம். படித்தவன் வேறென்ன செய்வான்? ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு வரவு, செலவு எழுதினேன்.

முதலில் தெரிந்துகொண்டது: ஒரு அணுகுண்டில் உசத்தியான சரக்கு உள்ளே இருக்கும் மருந்து இல்லை ஸார். திரி! திரி என்பது என்ன? அது நேரம். பற்ற வைத்தவன் ஓடிப் போவதற்காகக் கம்பெனிக்காரன் நமக்கு எழுதிக் கொடுக்கிற சில விநாடிகள். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. திரி 3 விநாடிக்குக் குறைந்தும் எரியக் கூடாது, 9 விநாடிக்கு மேலும் எரியக் கூடாது. குறைந்தால் ஓட நேரமில்லை. கூடினால் 'நமுத்துப் போச்சு' என்று நம்மை மாதிரி ஒரு அறிவாளி திரும்பிப் போய்ப் பார்ப்பான்!

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதன் வழியில் வளர்ந்ததுதான் சிவகாசியின் பட்டாசுத் தொழில். நூறு வருஷ அனுபவம். அந்த அனுபவம் முழுக்க ஒரு சின்னத் திரியிலும், அதைச் சுற்றியிருக்கிற காகிதத்திலும், சணலிலும் இருக்கிறது. ஏன் காகிதம்? வெடித்தால் துண்டு துண்டாகக் காகிதம்தான் பறக்கவேண்டும் என்பதற்காக. நாம் என்ன செய்கிறோம்? மேலே டின்னைக் கவிழ்க்கிறோம். டின் கவிதையாகவா பறக்கும்? டின்னாகவே பறக்கும்.

திரியைத் தொட்டால் நேரக் கணக்கு போச்சு. ரெண்டு வெடியை ஒன்றாக்கினால் தூரக் கணக்கு போச்சு. மூடி வைத்தால் திசைக் கணக்கு போச்சு. பட்டாசுக் கம்பெனி ஆடிட் பண்ணி வைத்திருந்த புத்தகத்தில் நாம் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதுகிறோம். கணக்கில் இதற்கு ஃபோர்ஜரி என்று பேர்.

சத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது. 1999இல் வந்த மத்திய அரசு விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகிற வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. 4 மீட்டர் என்றால் சுமார் பதின்மூன்று அடி. நம் தெருக்களில் எதிர் எதிர் வீட்டுத் திண்ணைகளுக்கு நடுவில் பதின்மூன்று அடி இருந்தால் அதிர்ஷ்டம். சட்டப்படியான வெடியே அங்கே இரைச்சல்தான். இதில் 'அதிரும்' வேறு வேண்டுமாம்.

அடுத்தது சட்டம். இதைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அதில் 'தயாரிப்பு' என்ற வார்த்தைக்கு அர்த்தம் கொடுத்திருக்கிறார்கள். வெடிபொருளைப் பிரிப்பது, மாற்றுவது, ரிப்பேர் பண்ணுவது, கெட்டுப் போனதைச் சரிபண்ணுவது எல்லாமே தயாரிப்புதான்! அதாவது, ஒரு அணுகுண்டைப் பிரித்து அதை 'இம்ப்ரூவ்' பண்ண உட்கார்ந்தால், அந்த நிமிஷம் உங்கள் வீட்டுத் திண்ணை லைசென்ஸ் இல்லாத பட்டாசுத் தொழிற்சாலை. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் மூன்று வருஷம் வரைக்கும் ஜெயில். அது தவிர, வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாண்டு அடுத்தவன் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 288ஆம் பிரிவில் ஆறு மாசம் ஜெயில், அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும்.

எங்கள் நாலு பேருக்கும் 2006இல் கவர்மெண்ட் மாப்பிள்ளை ஆகிற யோகம் இருந்திருக்கிறது. யாரும் கேஸ் போடாததால் தப்பித்தோம். (நமுத்த பட்டாசை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்த என் அம்மாவையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்று யோசித்தேன். சேர்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். எதற்கும் அம்மாவிடம் சொல்லவில்லை.)

செலவுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதக் கை நடுங்கியது.

2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஒரு அப்பா, ஏழு வயசு மகனை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, நாட்டு வெடி மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். பற்ற வைக்கவே இல்லை. ஓடுகிற வண்டியிலேயே வெடித்தது. ரெண்டு பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள்.

2023 அக்டோபர் 9. அக்கா வீடு இருக்கிற அதே அரியலூர் மாவட்டம், திருமானூர் பக்கம் விரகாலூர். நாட்டு வெடி தயாரிக்கும் இடத்தில் விபத்து. குறைந்தது ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே இருந்தவர்கள் ரீல்ஸ் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் இல்லை. அதுதான் அவர்களுக்குத் தொழில், சோறு.

2024 தீபாவளி, பெங்களூரு. நண்பர்களுக்குள் ஒரு பந்தயம். பட்டாசை வைத்து, மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்தால் புது ஆட்டோ வாங்கித் தருவதாகச் சொன்னார்களாம். முப்பத்திரண்டு வயசுக்காரர் உட்கார்ந்தார். பற்ற வைத்தவர்கள் ஓடிவிட்டார்கள். வெடித்ததும் திரும்பி வந்து சுற்றி நின்றதெல்லாம் கேமராவில் பதிவாகியிருந்தது. அவர் இறந்துபோனார். ஆறு நண்பர்கள் கைதானார்கள்.

'போய்ப் பார்றா' என்று சொன்னவனுக்கும், 'உட்கார்றா' என்று சொன்னவர்களுக்கும் என்ன வித்தியாசம்? எவ்வளவு யோசித்தும் வரவுப் பக்கத்தில் எழுத எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினான். முதல் கேள்வி, "டின் எங்க மாமா?"

"தர்றேன். அதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பார்த்துட்டு வரலாம், வா."

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு விதைக் கடை. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று எப்போதும் விவசாயிகள் கூட்டம். கல்லாவில் சயின்டிஸ்ட்.

"வாடா ஃபைனான்ஸ். யாரு, அக்கா பையனா? வாங்க மாப்ள."

போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அட்வைஸ் மழை பொழிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையன் கையில் கொடுத்தான். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, கையை நீட்டி அந்தரத்தில் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, வலது கண்ணைப் பொத்திக்குங்க. இந்த டம்ளர்ல தண்ணி ஊத்துங்க. பாட்டில் டம்ளர் மேல படக் கூடாது."

"இதென்ன மாமா பெரிய விஷயம்..." என்று சிரித்துக்கொண்டே ஊற்றினான் பையன்.

தண்ணீர் டம்ளருக்கு முன்னால் விழுந்தது. பில் புத்தகம் நனைந்தது. மறுபடி ஊற்றினான். இந்தத் தடவை டம்ளரைத் தாண்டி சயின்டிஸ்டின் சட்டைக் கையில். விதை வாங்க வந்திருந்த ஒரு பெரியவர் மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை பையன் சிரிக்கவில்லை.

"ஒத்தைக் கண்ணுக்குத் தூரம் சரியாப் பிடிபடாது மாப்ள. எது முன்னாடி, எது பின்னாடின்னு ரெண்டு கண்ணும் சேர்ந்து சொன்னாத்தான் மூளைக்கு விளங்கும். எனக்கு டம்ளர்ல தண்ணி ஊத்தக் கத்துக்கவே மாசக் கணக்காச்சு. மாடிப்படி இறங்க, எதிர்ல வர்ற வண்டி எவ்வளவு தூரத்துல வருதுன்னு கணிக்க, கை குலுக்கக் கூட. ஒருத்தர் கை நீட்டுவார், நான் காத்துல குலுக்குவேன். இப்பப் பழகிடுச்சு. எஸ்.ஐ. வேலைக்கு மட்டும் பழகிக்க முடியலை."

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் நான் பத்தொன்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

"அன்னிக்கு வெடிக்கலைன்னதும் ஏன் மாமா கிட்டப் போனீங்க? யாராவது போகச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை மாப்ள. நானாத்தான் போனேன்."

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது.

"நான்தான்டா சொன்னேன்," என்றேன். யாரிடம் சொன்னேன், பையனிடமா, அவனிடமா என்று எனக்கே தெரியவில்லை.

சயின்டிஸ்ட் நனைந்த பில் புத்தகத்தை ஃபேன் காற்றில் பிரித்து வைத்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான்: "தெரியும்டா. பத்தொன்பது வருஷமாத் தெரியும். இல்லேன்னா கடைக்கு வரும்போதெல்லாம் என் டீக்கும் சேர்த்து நீ எதுக்குக் காசு கொடுக்கப் போற? நீ யாரு, பி.காம். ஆச்சே!"

அன்றைக்கு டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.

*

தீபாவளிக்கு அரியலூர் போயிருந்தேன். தமிழ்நாட்டில் 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் வந்த நேரக் கட்டுப்பாடுதான்: காலையில் 6லிருந்து 7, ராத்திரி 7லிருந்து 8. மாப்பிள்ளையும் அவன் சிநேகிதர்களும் தெருவில் இறங்கினார்கள். அட்டைப் பெட்டியில் வந்த பட்டாசு, வந்தபடி. நீளமான ஊதுபத்தி. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நான் திண்ணையில் உட்கார்ந்து பஜ்ஜியை ஆடிட் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு அணுகுண்டு வெடிக்கவில்லை.

எனக்கு பஜ்ஜி இறங்கவில்லை. பக்கத்து வீட்டு வாண்டு ஒன்று கத்தியது: "புஸ்ஸாயிடுச்சு! போய்ப் பாருங்கண்ணா!"

மாப்பிள்ளை நகரவில்லை. ரெண்டு கையையும் விரித்து சிநேகிதர்களையும் தடுத்தான். ரொம்ப நேரம் அப்படியே நின்றான். அப்புறம் வாளியை எடுத்து, எட்டி நின்றபடியே தண்ணீரை வீசி ஊற்றினான். வாண்டைப் பார்த்து, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி, கம்பீரமாகச் சொன்னான்:

"டேய், வெடிச்ச வெடிக்கு பயப்படக் கூடாது. வெடிக்காத வெடிதான்டா வெடி!"

அரியலூர் அதிரவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

தீபாவளி முடிந்த கையோடு மத்தியப் பிரதேசத்திலிருந்து செய்தி வந்தது. ரீல்ஸைப் பார்த்து பிரபலமான 'கார்பைடு துப்பாக்கி' என்கிற பைப் வெடியால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்ணில் காயம். நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள். சிலருக்குப் பார்வையே போய்விட்டது. அதில் பல பேர் செய்த தப்பும் அதேதான். வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தது. அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதே மாப்பிள்ளைதான். கீழே ஒரே ஒரு வரி: 'தேங்க்ஸ் மாமா.' இந்தத் தடவை 'மாமா'வை இழுக்கவில்லை.

அந்தப் பெயிண்ட் டின் என்ன ஆச்சு என்கிறீர்களா? கொடுத்த வாக்கு தவறக் கூடாதே, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். அக்கா அதில் மண்ணைப் போட்டு கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாள். நன்றாகத் துளிர்த்திருக்கிறது. ரசத்துக்கு நாலு இலை கிள்ளி வா என்று என்னை அனுப்பினால் மட்டும், பதின்மூன்று அடி தள்ளி நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போகிறேன்.